ஒரிஜினலுக்கு நிகரானது

தூக்கி இழுங்கள். அப்படியில்லை. கைப்பிடியை விட்டுவிடுங்கள், கதவுக்கு அடியில் கை கொடுத்து, தூங்குகிற குழந்தையை எடுக்கிற மாதிரி மெல்லத் தூக்கி, அப்புறம் இழுக்க வேண்டும். வந்துவிட்டதா? சாத்தும்போதும் இதேதான். ஒரு கையால் முடியாது. மழை பெய்தால் குடையைக் கீழே வைத்துவிட்டு, நனைந்துகொண்டே இரண்டு கையாலும் சாத்த வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், முதல் பாடமாக இதைக் கற்றுக்கொண்டு போங்கள். பழைய ஹெரால்ட் கார் ஒன்று வாங்கிவிட்டேன், சாமான் எங்கே கிடைக்கும் என்று போனில் கேட்டீர்கள் அல்லவா? கிடைக்கும். எல்லாம் கிடைக்கும். மாட்டத்தான் முடியாது.

உட்காருங்கள். சீட் பரவாயில்லை, அது நான் பார்த்துத் தைத்தது. காபி கேட்காதீர்கள், வசந்தாமணி வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் தம்பி வீட்டுக்குப் போய்விடுகிறாள். அது ஒரு கதை. அதற்கும் இந்தக் கதவுதான் காரணம்.

சாமான் என்றேன் இல்லையா. இந்தக் கண்ணாடியைச் சுற்றி ஓடுகிற ரப்பரைப் பாருங்கள். மூலையில் ஒரு விரல் நுழைகிற சந்து தெரிகிறதா? வாங்கும்போது அது கிடையாது. மாட்டிய அன்றைக்கு இம்மி இடைவெளி இல்லை, நானே தடவிப் பார்த்துப் பெருமைப்பட்டேன். ஒரு கோடை போனது, ரப்பர் சுருங்கிவிட்டது. சென்னையில் விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். "வெயில்ல வெச்சீங்களா சார்?" என்றார். கார் சார் என்றேன், வெயிலில்தான் ஓடும். "அதான் சார் விஷயம். நெழல்லயே வெச்சிருந்தா இருபது வருஷம் வரும்" என்றார். அதாவது அட்டைப்பெட்டியைவிட்டு எடுக்காமல் இருந்தால் அவருடைய சாமானை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பெட்டியின் மேலே என்ன அச்சடித்திருக்கிறது தெரியுமா? ஒரிஜினலுக்கு நிகரானது. எல்லாப் பெட்டியிலும் அதே வாசகம். பம்பர் வந்தது, நிகரானது. குரோம் பூச்சு வெயில் பட்ட தோல் மாதிரி உரிந்தது. பெட்ரோல் மூடி வந்தது, நிகரானது. மூடிக்கொண்டது, திறக்கவில்லை. பங்க்கில் எனக்குப் பின்னால் வரிசை நிற்கிறது, நான் ஸ்பானரை வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறேன். இன்டிகேட்டர் மூடி ஆரஞ்சு நிறத்தில் வந்தது, ஐப்பசி மழைக்குப் பிறகு ரோஸ் ஆகிவிட்டது. நான் இடது பக்கம் திரும்புகிறேனா, கோயில் விழாவுக்கு சீரியல் பல்ப் போட்டிருக்கிறேனா என்று பின்னால் வருகிறவனுக்குச் சந்தேகம். வாட்டர் பம்ப் மட்டும் நேர்மையானது. மாட்டிய நிமிடமே ஒழுகியது. நம்மை நம்ப வைத்துக் கழுத்தறுக்கவில்லை.

இதையெல்லாம் வீட்டில் சொன்னால் என் மகள் தாரணி சிரிப்பாள். பல் டாக்டர் அவள். "அப்பா, நானும் டூப்ளிகேட் பல்லுதான் கட்டறேன். எந்தப் பேஷண்டும் ஒரிஜினல் மாதிரி இல்லைன்னு சங்கம் கூட்டறதில்லை" என்பாள். பல் வேறு, கார் வேறு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அந்தக் காலத்து இரும்பைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அப்பா இந்தக் காரை வாங்கின புதிது. எனக்கு அப்போதுதான் லைசென்ஸ். வீட்டுக்குள்ளிருந்து ரிவர்ஸ் எடுக்கிறேன், பின்னால் சரியாகத் தெரியவில்லையென்று டிரைவர் பக்கக் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டே எடுத்தேன். திறந்த கதவு கேட் தூணில் போய்ச் சிக்கியது. நான் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டேன். என்ன ஆயிற்று என்கிறீர்கள்? தூண் விழுந்தது. செங்கல் தூண், சிமெண்ட் பூசியது, அடியோடு சாய்ந்துவிட்டது. கதவின் கீல் உடையவில்லை. கீறல்கூட இல்லை. அன்றையிலிருந்து கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும், அவ்வளவுதான். அப்பா கடைசிவரை தூக்கித்தான் சாத்தினார். அதுவே ஒரு மரியாதை மாதிரி பழகிவிட்டது. அதுதான் இரும்பு. இன்றைக்கு அதே தூணில் இடித்துப் பாருங்கள், கீல் பிஸ்கட் மாதிரி நொறுங்கும்.

சரி, கதவுக்கு வருகிறேன்.

தாரணிக்குக் கல்யாணம் முடிவானதும் நான் ஒன்று தீர்மானித்தேன். மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்திலிருந்து இந்தக் காரில்தான் போக வேண்டும். என் கல்யாணத்துக்கு நானும் வசந்தாமணியும் இதில்தான் போனோம். அதனால் ஒவ்வொரு பாகமாகக் கழற்ற ஆரம்பித்தேன். டிரைவர் பக்கக் கீலின் ஆணி தேய்ந்து லொடலொடவென்று ஆடியது. எங்கள் பழங்கார் சங்கத்தில் ஹெரால்ட் வைத்திருக்கிற எல்லோருக்கும் அதே குறை. அதிகம் திறந்து மூடுவது அந்தக் கதவுதானே. கடையில் கேட்டால் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் நிகரானதுதான் கிடைக்கும். அப்போதுதான் எனக்குச் சபாபதி ஞாபகம் வந்தது.

சபாபதி வசந்தாமணியின் தம்பி. கூடப் பிறந்தவன், ஒரே தம்பி. கணபதி ஏரியாவில் பவுண்டரி வைத்திருக்கிறான், பம்ப்செட்டுக்குப் பாகங்கள் வார்த்துக் கொடுக்கிறான். கெட்டிக்காரன், இல்லையென்று சொல்லவில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். தாரணி பிறந்ததிலிருந்து அவனுக்கு அவள்தான் உலகம். அவனுக்குப் பெண் குழந்தை இல்லை. அவளுக்குக் காது குத்தியதும் அவன் மடியில்தான். அவள் பல் டாக்டருக்குப் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பவுண்டரியில் அவளுக்கு மெழுகை உருக்கிக் கொடுத்துப் பல் வார்க்கக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான்.

என் காரின் கீலையே கழற்றிக் கொண்டுபோய் அவன் மேஜையில் வைத்தேன். கம்பெனியில் போட்ட ஒரிஜினல், இதைப் பார்த்து வார்த்துக் கொடு, சங்கத்துக்கு மொத்தமாக வேண்டும் என்றேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு மட்டத்தை எடுத்து அதன் மேல் வைத்தான்.

"மச்சான், இது ஒரு பக்கமா வளைஞ்சு வாங்கியிருக்குதுங்களே. நிமித்திப் போட்டு வார்த்தரட்டுங்களா?"

எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. எல்லோரும் செய்கிற தப்பே இதுதான். ஒரிஜினல் கையில் இருக்கிறது, அப்படியே செய்ய வேண்டியதுதானே? இவன் தன் மூளையைக் கொஞ்சம் சேர்ப்பான், அடுத்தவன் அவன் மூளையைக் கொஞ்சம் சேர்ப்பான், கடைசியில் பெட்டிமேல் நிகரானது என்று எழுதிவிடுவார்கள்.

"உன்னைய யோசிக்கச் சொல்லுல மாப்ள. வார்க்கச் சொன்னேன். இம்மி பெசகக் கூடாது" என்றேன்.

"தழும்போட அச்செடுத்தா தழும்போடதானுங்க வரும்" என்றான்.

"கார் செஞ்சவனைவிட உனக்குத் தெரியுமா?"

"எனக்கென்னங்க தெரியும், நான் மோட்டாருக்கு மூடி வார்க்கறவன்" என்று சிரித்துக்கொண்டே கீலை வாங்கி வைத்துக்கொண்டான். சொன்னேனே, வாய் நீளம்.

கீல் வந்தது. பார்க்க அருமையாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. சங்கத்தில் ஆளாளுக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். நான்தான் சிபாரிசு, என் மச்சினன், கூடப் பிறந்த மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு மாட்டுங்கள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டுதான் மாட்டினார்கள். அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் காரோடு வந்தார்கள். வரிசையாக நிற்கிறது. ஒரு டாக்டருடைய கார், ஒரு மில் மேனேஜருடைய கார், ரிட்டயரான போலீஸ்காரர் ஒருவருடைய கார். அத்தனையிலும் டிரைவர் பக்கக் கதவு தொங்குகிறது. ஒரே பக்கம், ஒரே அளவு. ஒரு கார்கூட மாறவில்லை. தொழில்சுத்தம் அவனிடம் இருந்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். டாக்டர் தன் கதவைத் தூக்கித் தூக்கிச் சாத்துகிறார், அது அவர் இடுப்புக்கு ஆகாது, அவரே அந்த வைத்தியம்தான் பார்க்கிறார்.

அந்தக் கூட்டத்துக்குச் சபாபதியையும் வரச் சொல்லியிருந்தேன், பாராட்டலாமென்று. போண்டா சாப்பிட்டுக்கொண்டு நின்றான். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். சிபாரிசு செய்தவன் நான். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நான் எழுந்து நின்று, மைக் எல்லாம் வேண்டாம், என் குரல் போதும், சொன்னேன்: "இது சாமான் இல்லை, ஏமாத்து. உறவாப் போயிட்டான். வெளியாளா இருந்தா சட்டையப் புடிச்சிருப்பேன்."

போண்டாவைத் தட்டில் வைத்தான். கையைத் துடைத்தான். சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"அப்ப வெளியாளாவே இருந்துட்டுப் போறனுங்க மச்சான்" என்றான். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இதில் நான் சொன்னதில் என்ன தப்பு, சொல்லுங்கள். சாமான் சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்ல வேண்டாமா? உறவுக்காரன் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டதால்தான் இந்த நாட்டில் ஒரு உருப்படியான பெட்ரோல் மூடி கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் வசந்தாமணி முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கு எப்படியோ சேதி போய்விட்டது. கல்யாணப் பத்திரிகை வந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

"தாய்மாமனுக்கு மொதப் பத்திரிகை. ரெண்டு பேரும் தட்டோட போய் வெச்சுட்டு வந்தரலாமுங்க."

"நீ போய்ட்டு வா. எனக்கு இன்னிக்குப் பம்பர் வேலை இருக்குது" என்றேன். உண்மையாகவே இருந்தது.

"பொண்ணைப் பெத்தவர் போகாம நான் மட்டும் போனா அது பத்திரிகையா, தபாலா?"

"அவனை வரச் சொல்லு. சங்கத்துல எல்லாருக்கும் முன்னாடி கீல் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நானே காலுக்குச் செருப்பில்லாம ஓடிப் போய் வெக்கறேன்."

தனியாகத்தான் போனாள். திரும்பி வந்து தட்டைச் சமையலறையில் வைத்த சத்தம் எனக்கு ஷெட்டில் கேட்டது. என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"கீலுக்கு வேண்ணா மன்னிப்புக் கேக்கறானாம். சாம்பிளுக்கு யாரு கேக்கறதுன்னு உங்களைக் கேக்கச் சொன்னான்."

அர்த்தம் புரிகிறதா உங்களுக்கு? எனக்கும் புரியவில்லை. குதர்க்கம். அவன் எப்போதும் அப்படித்தான்.

தாரணியும் ஒரு நாள் ஷெட்டுக்கு வந்தாள். நான் காருக்கு அடியில் படுத்திருந்தேன், அவள் செருப்பு மட்டும் தெரிந்தது. "அப்பா, கார் கதவு சரியாச் சாத்தலைன்னாலும் நான் போயிருவேன். மாமா பட்டம் கட்டாம மேடையில எப்படி உக்காரட்டும்?" என்றாள். அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பானரை எடு என்றேன். எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் செருப்பைக் காணோம்.

உங்கள் பக்கத்தில் எப்படியோ, எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு நெற்றிப்பட்டம் தாய்மாமன்தான் கட்ட வேண்டும். வேறு எது நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது நடந்தாக வேண்டும். இப்படி ஒரு சிக்கல் வந்தால் சாதாரணமாக ஆண்கள் இடிந்துபோய் உட்கார்ந்துவிடுவார்கள். நான் உட்காரவில்லை. பொள்ளாச்சியில் வசந்தாமணியின் பெரியப்பா மகன் குழந்தைவேல் இருக்கிறான். இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவனும் தாய்மாமன் முறைதான். ஒரே தாத்தா, ஒரே குலம். உயரம் அதே, நிறம் அதே, மூக்குகூட அதே மூக்கு. பட்டு வேட்டி கட்டி மேடையில் நிறுத்தினால் சபாபதிக்கு நிகரான ஆள், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. போன் செய்தேன். உடனே சரி என்றுவிட்டான். நீளமாக ஒரு பேச்சில்லை, எதிர்க்கேள்வி இல்லை. இப்படி ஒரு ஆளை இத்தனை நாள் விட்டுவைத்தோமே என்று வசந்தாமணியிடம் சொன்னேன். அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். மனதுக்குள் சந்தோஷம்தான் பட்டிருப்பாள்.

கல்யாணத்தன்று குழந்தைவேல் நேரத்துக்கு வந்துவிட்டான். மேடைக்குக் கூப்பிட்டார்கள். மனுஷனுக்கு என்ன பதற்றமோ, வியர்த்து ஊற்றுகிறது. தாரணியைக் கடைசியாக எப்போது பார்த்தான் என்று அவனுக்கே தெரியாது, அவளிடம், "பாப்பா பேரு என்னுங்க?" என்று மெதுவாகக் கேட்டிருக்கிறான், மைக்கில் விழுந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பட்டத்தைக் கட்டினான். லூஸ். கையை எடுத்ததும் புருவத்துக்கு இறங்கிவிட்டது. ஐயர் "இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்கோ" என்றார். இழுத்துக் கட்டினான், ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டது. போட்டோக்காரன் வேறு, தலையை அசைக்காதீங்க அக்கா, அசைக்காதீங்க அக்கா என்று கத்துகிறான். தாலி கட்டி முடிகிறவரை அந்தப் பெண் ஒரு விரலால் பட்டத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். போட்டோவில் பார்த்தால் சல்யூட் அடிக்கிற மாதிரி இருக்கும்.

குழந்தைவேலைக் குற்றம் சொல்ல முடியாது. பட்டம் சரியில்லை. கடையில் வாங்கியது, நூல் வழுவழுவென்று இருந்தது, முடிச்சு நிற்கவில்லை. அந்தக் காலத்தில் பருத்தி நூலில் வரும். நான் அப்போதே கடையை மாற்றச் சொன்னேன், யார் கேட்டார்கள்.

சபாபதி வந்தானா என்று கேட்கிறீர்கள். வந்தான். பெண்ணுக்கு மாமன் மாதிரியா வந்தான்? வந்தவர்கள் எல்லோரும் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலியில், கடைசி வரிசையில், மின்விசிறி இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, அவ்வளவுதான். நான் வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவனையும் வாங்க என்றேன். வாங்க என்றேன், வா என்று சொல்லவில்லை. அவனும் வெளியாள் மாதிரியே கையெடுத்துக் கும்பிட்டான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன்.

கார் என்ன ஆயிற்று என்றுதானே உங்களுக்குத் தெரிய வேண்டும். கார் பிரமாதமாகத்தான் இருந்தது. செவ்வந்தி மாலை போட்டு, பம்பர் உரிந்த இடத்தில் மாவிலை கட்டி, மண்டப வாசலில் நிறுத்தியிருந்தேன். ஊரே அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் புறப்பட வேண்டிய நேரம். ஸ்டார்ட் செய்து வைத்திருந்தேன், வாட்டர் பம்ப் தன் குணத்தைக் காட்டிவிட்டது. ஆவி வருகிறது. என்ஜினை அணைத்து ஆறவிட்டேன். தண்ணீர் ஊற்ற வேண்டும். அன்றைக்கு ஓட்டக் கூப்பிட்டிருந்த டிரைவரை அனுப்பினால் அவன் ஒரு மணி நேரம் கதை பேசுவான் என்று நானே பக்கெட்டை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் கை கழுவுகிற இடத்துக்குப் போனேன்.

கடைசிப் பந்தி முடிந்திருந்தது. வரிசையாகக் குழாய்கள், எல்லாம் காலியாக இருந்தன. கடைசிக் குழாயில் சபாபதி கை கழுவிக்கொண்டிருந்தான். எனக்கு முதுகைக் காட்டி நின்றான். நான் அவனைத் தாண்டிப் போய் மறுகோடிக் குழாயைத் திறந்து பக்கெட்டை வைத்தேன். பாதி நிறைந்திருக்கும். சாப்பாட்டுக் கூடத்தின் பக்கவாட்டுக் கதவு திறந்து தாரணி வந்தாள். கல்யாணப் புடவையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு. என்னைப் பார்க்கவில்லை. நேராக அவனிடம் போனாள். அவன் முன்னால் திரும்பி நின்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். இன்னொரு தடவை வேட்டியில் துடைத்தான். அவள் தலைக்குப் பின்னால் இருந்த பட்டத்தின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். நெற்றியில் நேராக வைத்து, ஒரு பக்கம் இழுத்துப் பார்த்து, இன்னொரு பக்கம் இழுத்துப் பார்த்து, நிதானமாகக் கட்டினான்.

தண்ணீர் விழுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. குழாயை மூடினேன். முக்கால் பக்கெட் இருந்தது, ரேடியேட்டருக்கு அது போதும். வந்த வழியில் திரும்பினால் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, பாத்திரம் கழுவுகிற பெண்களுக்கு நடுவே, சமையற்கட்டைச் சுற்றி வாசலுக்குப் போனேன்.